‘அனுமதிக்கலாம்’ அல்ல, ‘அனுமதிக்க வேண்டும்’: விஸ்கான்சின் ஓநாய் வேட்டையின் பின்கதை

2021 பிப்ரவரி 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டிய விஸ்கான்சின் மாநிலத்தில் ஓநாய் வேட்டை தொடங்கியது. மாதக் கடைசி வரை, அதாவது ஒரு வாரம் நடக்க வேண்டிய வேட்டை. உரிமம் வாங்கியவர்கள் கொல்லலாம் என்று மாநில அரசு ஒதுக்கியிருந்த எண்ணிக்கை 119. புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்கு அவசர அவசரமாகக் கடையை இழுத்து மூடினார்கள். அப்புறம் எல்லாத் தகவலும் வந்து சேர்ந்து கூட்டிப் பார்த்தபோது கணக்கு 218. முழுசாக மூன்று நாள்கூட ஆகவில்லை.

செய்தி வந்ததும் வழக்கம்போல் இரண்டு கூச்சல் எழுந்தது. ஒரு பக்கம், ‘இது வேட்டையே இல்லை, படுகொலை’ என்றது. மறுபக்கம், ‘மூன்று நாளில் இத்தனை மாட்டுகிறதென்றால் காட்டில் எத்தனை இருக்கும், நாங்கள் சொன்னது சரிதானே’ என்றது. கேட்பவர்களுக்கு, ஓநாயைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதுதான் விவகாரமே என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த மூன்று நாளில் நடந்ததில் பெரும்பகுதி முன்பே காகிதத்தில் எழுதப்பட்டிருந்தது: ஒரு சட்டத்தின் வினைமுற்றில், சில விதிகளின் மணிக்கணக்கில், ஒரு உரிம எண்ணிக்கையில். ஓநாய் விஷயத்தில் உலகம் முழுக்க இப்போது நடக்கிற சண்டை புரிய வேண்டுமென்றால், விஸ்கான்சினின் அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்ல வழி.

முதலில் நமக்குப் பழக்கமில்லாத ஒன்று. இந்தியாவில் பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடும் அதன் 1991 திருத்தத்தோடும் முடிந்துபோன சமாச்சாரம். இங்கே வேட்டைக்காரர் என்றால் வழக்குப் பதிவில் வரும் ஆள். அங்கே அப்படியில்லை. விஸ்கான்சினில் நவம்பர் கடைசியில் வரும் 9 நாள் மான் வேட்டை ஏறக்குறைய திருவிழா. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் உரிமம் எடுத்து, பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே மரப்பரணில் உட்கார்ந்திருப்பது அங்கே குடும்பப் படம். கிடைத்த மான் கறியாகி, வருஷம் முழுக்க வீட்டு ஃப்ரீசரில் இருக்கும். 2003இல், மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் பொறி வைக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

பணமும் இதோடு பின்னிக்கிடக்கிறது. அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் பெருமளவு வேட்டை உரிமக் கட்டணத்திலும், 1937இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியிலும்தான் ஓடுகின்றன. நீள் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். ‘காட்டைக் காப்பாற்றப் பணம் கொடுப்பது நாங்கள்’ என்று வேட்டைக்காரர்கள் சொல்வது வெறும் பெருமை இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கும் உண்மை. படியளப்பவர் பேச்சுக்குத் துறையில் எடை கூடும் என்பதும் அதே அளவு உண்மை. ஓநாயைப் பார்க்க ஆசைப்படுகிறவர், ஊளைச் சத்தத்தைக் கேட்க இரவில் காட்டோரம் காரை நிறுத்துகிறவர், தன் வரிப்பணத்தில் இதற்கு எவ்வளவு போகிறது என்று காட்ட ஒரு ரசீதும் வைத்திருப்பதில்லை.

போனதும் வந்ததும்

விஸ்கான்சின் 1865இலிருந்து 1957 வரை ஓநாயைக் கொன்றால் பரிசுப்பணம் கொடுத்தது. பரிசை நிறுத்திய காலத்தில் கொடுக்க ஓநாயே மிச்சமில்லை என்கிற நிலை. 1960 வாக்கில் மாநிலத்தில் ஒன்றுகூட இல்லாமல் போனது. 1973இல் அழிவாபத்து உயிரினங்கள் சட்டம் வந்தது. பக்கத்து மினசோட்டாவின் வடகாட்டில் பிழைத்துக் கிடந்த கூட்டத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் அங்கிருந்து சில ஓநாய்கள் தாமாகவே எல்லை தாண்டி வந்தன. யாரும் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. 1980இல் எண்ணியபோது 25.

1999இல் மாநிலம் ஒரு மேலாண்மைத் திட்டம் போட்டது. அதில் ஓர் இலக்கு: 350 ஓநாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 350 என்றால் என்ன? இது வரைக்கும் வளர்ந்தால் போதும் என்ற உச்சவரம்பா, இதற்குக் கீழே போகக்கூடாது என்ற அடிமட்டமா? வேட்டை அமைப்புகளும் பல விவசாயிகளும் அதை உச்சவரம்பாக, அரசு கொடுத்த வாக்குறுதியாகப் படித்தார்கள். ஓநாய் ஆதரவாளர்களோ, இத்தனை ஓநாயைக் காடு தாங்கும் என்று யாரும் எதிர்பார்க்காத காலத்தில் போட்ட உத்தேசக் கணக்கு அது என்றார்கள். ஓநாய்கள் இந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. 2020 குளிர்காலத்தில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதற்கிடையில் வாஷிங்டனில் ஓர் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. ஓநாய் தேறிவிட்டது என்று கூட்டாட்சி அரசு பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுக்கும். யாராவது வழக்குப் போடுவார்கள். நீதிபதி மறுபடி பட்டியலில் சேர்ப்பார். பட்டியலில் இருந்தால் அதிகாரம் கூட்டாட்சியிடம். எடுத்துவிட்டால் மாநிலத்திடம். 2012 ஜனவரியில் எடுத்தார்கள். அந்த ஏப்ரலிலேயே அன்றைய ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சண்டையின் ஆணிவேர் அந்தச் சட்டத்தின் ஒரு வாக்கியம். ஓநாய் கூட்டாட்சிப் பட்டியலிலோ மாநிலப் பட்டியலிலோ இல்லாதபோது, மாநில இயற்கை வளத் துறை ஓநாய் வேட்டையையும் பொறிவைப்பையும் ‘அனுமதிக்க வேண்டும்’.

‘அனுமதிக்கலாம்’ என்று எழுதியிருந்தால் துறையின் உயிரியலாளர்கள் உட்கார்ந்து, இந்த வருஷம் வேட்டை வைக்கலாமா, எவ்வளவு, எங்கே என்று முடிவெடுத்திருப்பார்கள். ‘வேண்டும்’ என்றதும் ‘வைப்பதா’ என்ற கேள்வி மேசையிலிருந்தே போய்விட்டது. ‘எத்தனை’ மட்டும்தான் மிச்சம். எனக்குத் தெரிந்து மற்ற விலங்கு விவாதங்களில் இவ்வளவு கனமான துணைவினை வேறு இல்லை.

அந்தச் சட்டம் இன்னொன்றையும் செய்தது. ஓநாயை நாய்களை விட்டுத் துரத்தி வேட்டையாட இடம் கொடுத்தது. அப்போது ஓநாய் வேட்டைக்கு நாயை அனுமதித்த ஒரே அமெரிக்க மாநிலம் விஸ்கான்சின்தான். 2012, 2013, 2014 என மூன்று வேட்டைகள் நடந்தன: 117, 257, 154. 2014 டிசம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்தார். வேட்டை நின்றது. சட்டம் அப்படியே இருந்தது.

ஒரு வாரத்துக்குள் ஒரு வேட்டை

டிரம்ப் அரசின் முடிவுப்படி 2021 ஜனவரி 4 அன்று ஓநாய் பட்டியலிலிருந்து மறுபடி வெளியே வந்தது. துறை, நவம்பரில் வேட்டை வைக்கலாம், அதற்குள் திட்டத்தைப் புதுப்பித்து, பொதுமக்களிடமும் பழங்குடி அரசுகளிடமும் பேசிவிடலாம் என்றது. கேன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ‘ஹன்டர் நேஷன்’ என்ற வேட்டைக்காரர் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அவர்கள் பயம் இது: பைடன் அரசு வந்துவிட்டது, நவம்பருக்குள் ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்துவிட்டால் வேட்டை கைநழுவும். சட்டம் ‘வேண்டும்’ என்கிறது, பருவம் பிப்ரவரி கடைசி வரை இருக்கிறது, பிறகென்ன தாமதம் என்று கேட்டார்கள். பிப்ரவரி 11 அன்று ஜெஃபர்சன் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிபதி அதை ஒப்புக்கொண்டு, இந்த மாதமே நடத்து என்று உத்தரவு போட்டார்.

எழுத்தை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் பொருள் என்ன? பல மாதத்து வேலையைப் பத்து நாளில் முடிக்க வேண்டும். துறை ஓடியது. 15ஆம் தேதி 200 ஓநாய் என்ற எண்ணுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒப்பந்த உரிமைப்படி ஒஜிப்வே பழங்குடிகளுக்கு 81; மீதி 119 மாநில உரிமதாரர்களுக்கு. விண்ணப்பித்தவர்கள் 27,000க்கும் மேல்.

இங்கேதான் அந்தச் சின்ன எண்கள் வருகின்றன. வழக்கமாக ஓர் ஓநாய்க்குப் பத்து உரிமம் என்ற விகிதத்தில் கொடுப்பார்கள், எல்லோருக்கும் கிடைக்காது என்ற கணக்கில். இந்த முறை அதை இருபது ஆக்கினார்கள். கடைசியில் வாங்கியவர்கள் 1,548 பேர். ஒரு ஓநாய்க்கு 13 ஆள். கொன்றவர் அதைத் துறைக்குச் சொல்ல 24 மணி நேர அவகாசம். வேட்டையை மூடுவதென்றால் துறை 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது, திங்கட்கிழமை விடியற்காலை சுட்ட ஓநாய் செவ்வாய் விடியற்காலைதான் கணக்கில் ஏறலாம். அதைப் பார்த்துத் துறை ‘நிறுத்து’ என்று சொன்னாலும் புதன்கிழமை வரை சுடலாம். குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பியதை மறுநாள் தெரிந்துகொண்டு, அதற்கு மறுநாள் மூடுவது போல.

யாரும் விதியை மீறாமலேயே 119 என்பது 218 ஆக முடியும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. எனக்கு இதில் அதிகம் உறுத்துவதும் அதுதான்.

வேட்டைக்கு வசதியாகப் பனியும் விழுந்திருந்தது. நாய் வேட்டைக்காரருக்குப் புதுப் பனி என்றால் சுத்தமாகத் துடைத்த கரும்பலகை மாதிரி. விடிவதற்கு முன் பிக்கப் வண்டிகள் காட்டுச் சாலைகளில் நடை வேகத்தில் போகும். விளக்கு வெளிச்சத்தில் சாலையை யார் குறுக்கே கடந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். ஓநாயின் கால் தடம் பெரிய ஆளின் உள்ளங்கை அளவு இருக்கும். ஒன்றின் தடத்திலேயே அடுத்தது கால் வைத்து நடக்கும் என்பதால் ஒரு விலங்கு போனது போலத் தெரிந்த இடத்தில் நான்கு போயிருக்கும். தடம் புதிது என்று பட்டதும் பின்கதவு திறக்கும். ஒரு கூட்டத்துக்கு ஆறு நாய் வரை விடலாம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஜிபிஎஸ் பட்டை. வண்டிக்குள் இருக்கும் திரையில் ஆறு புள்ளிகள் காட்டுக்குள் நகர்வதைப் பார்த்து, துரத்தல் அடுத்து எந்தச் சாலையைத் தொடும் என்று கணித்து, துப்பாக்கியோடு முன்கூட்டியே அங்கே போய் நிற்பார்கள். கரடியோ ரக்கூனோ நாய் துரத்தினால் மரமேறி உட்கார்ந்துகொள்ளும். ஓநாயால் மரமேற முடியாது. ஓடத்தான் முடியும். கொல்லப்பட்டவற்றில் 86 சதவீதம் நாய் உதவியோடு கொல்லப்பட்டவை.

பிப்ரவரி ஓநாய்களின் இனச்சேர்க்கைக் காலமும்கூட. இறந்தவற்றில் ஏறக்குறைய பாதி பெண். எத்தனை சினையாக இருந்தன, எத்தனை கூட்டங்களில் அந்த வருஷம் குட்டி இல்லாமல் போனது என்பதெல்லாம் வேட்டை முடிந்த பிறகு எழுந்த கேள்விகள். முன்பே கேட்க நேரம் இருந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசுக் காகிதத்தில் இதற்கெல்லாம் பெயர் ‘அறுவடை’. மானுக்கும் அதே சொல், ஓநாய்க்கும் அதே சொல். நாற்று விட்டவர் யார், களை எடுத்தவர் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். மானையாவது தின்கிறார்கள். ஓநாயைத் தின்பவர் இல்லை. தோலும், சுவரில் மாட்டும் தலையும், சொல்லிக்கொள்ள ஒரு கதையும்தான். மான் வேட்டைக்காரர்களிலேயே நாய் விட்டு ஓநாயைத் துரத்துவதைப் பிடிக்காதவர்கள் உண்டு. ‘வேட்டைக்காரர்கள்’ என்று ஒரே சாக்கில் எல்லோரையும் கட்டுவது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் செய்கிற தப்பு.

அந்த 81

பழங்குடிகளுக்கு ஒதுக்கிய 81 ஓநாய்கள் சலுகை இல்லை. 1837, 1842 ஒப்பந்தங்களில் ஒஜிப்வே மக்கள் இன்றைய விஸ்கான்சினின் வடபகுதி நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் சேகரிக்கவும் உள்ள உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மாநிலம் நூறு வருஷத்துக்கும் மேலாக அதை மதிக்கவில்லை. 1983இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று சொன்னது. அதன் பிறகு வந்ததுதான், மாநிலம் முழுக்க அல்ல, விட்டுக்கொடுத்த அந்த நிலப்பகுதியில் மட்டும் பாதிப் பங்கு.

அந்தப் பங்கை அவர்கள் என்ன செய்தார்கள்? சுடவில்லை. சுடாமல் விடவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒஜிப்வே மொழியில் ஓநாய்க்கு ‘மஈங்கன்’ என்று பெயர். அவர்களுடைய படைப்புக் கதையில் முதல் மனிதன் பூமியில் தனியாக நடக்கிறான். ஒவ்வொரு விலங்கும் சோடியாக இருக்க, தனக்கு மட்டும் துணை இல்லையே என்கிறான். படைத்தவன் மஈங்கனை அனுப்புகிறான். இருவரும் சகோதரர்களாகப் பூமி முழுக்கச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கிறார்கள். வேலை முடிந்ததும், இனி உங்கள் பாதை வேறு வேறு, ஆனால் ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்று படைத்தவன் சொல்கிறான். நிலம் பறிபோனது, துரத்தப்பட்டது, தலைக்கு விலை வைக்கப்பட்டது, மெல்லத் திரும்பி வந்தது என்று ஓநாயின் கதையைச் சொன்னால் ஒஜிப்வே பெரியவர்கள் தங்கள் கதையைக் கேட்பது போலக் கேட்பது இதனால்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையோடு வளர்ந்த நமக்கு, ஓநாய் என்றதும் கபடம்தான் நினைவுக்கு வரும். அங்கே தம்பி.

மாநில உரிமதாரர்கள் 218ஐக் கொன்றபோது தங்கள் 119ஐ மட்டும் தாண்டவில்லை. மொத்தம் 200ஐயே தாண்டினார்கள். பழங்குடிகள் உயிரோடு விடுவதற்காக எடுத்துவைத்த பங்கும் அதில் கரைந்தது. ஒப்பந்த உரிமை என்பது கொல்வதற்கான உரிமை மட்டும்தானா, கொல்லாமல் வைத்திருப்பதற்கும் உரிமை உண்டா? ஆறு ஒஜிப்வே பழங்குடி அரசுகள் அந்த செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது அடியில் இருந்த கேள்வி இதுதான். சட்டக் கண்ணோட்டத்தில் மொத்த விவகாரத்திலும் மிகப் புதிய கேள்வி இது என்று நினைக்கிறேன். நாளிதழ்கள் அதற்கு ஒதுக்கியது ஒன்றிரண்டு பத்திகள்.

தொழுவத்திலிருந்து பார்த்தால்

நகரத்தில் உட்கார்ந்து ஓநாயை நேசிப்பது சுலபம். வடக்கு விஸ்கான்சினில் கன்று ஈனும் மாடுகள் வைத்திருக்கும் ஒருவருக்கு, வசந்தகாலம் என்றால் தூக்கம் கெடும் காலம். காலையில் போய் எண்ணும்போது ஒரு கன்று குறையும். சில சமயம் கிடைப்பது ஒரு காது அட்டை, கொஞ்சம் ரோமம், மிதிபட்ட புல். கூட்டாட்சி வேளாண் துறையின் ஆள் வந்து பல் தடம், ரத்தக்கட்டு, கால் தடம் எல்லாம் பார்த்து, ‘உறுதி’ அல்லது ‘வாய்ப்புண்டு’ என்று எழுதினால் இழப்பீடு வரும். ஓநாய் முழுசாகத் தின்றுவிட்டால் உறுதி செய்ய எதுவும் மிஞ்சாது. மாடுகள் மிரண்டு எடை குறைவதற்கு எந்தக் கட்டமும் படிவத்தில் இல்லை என்று விவசாயிகள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

இதில் சட்டம் அவர் கையைக் கட்டிப்போடுகிறது. ஓநாய் ‘அழிவாபத்து’ வகையில் இருக்கும்வரை, கன்றைக் கொன்ற அதே ஓநாயைத் தேடிச் சுடவும் அனுமதி கிடையாது. மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான். பக்கத்து மினசோட்டாவில் அது ஒரு படி குறைந்த வகையில் இருப்பதால், கால்நடையைத் தின்னும் ஓநாயை அரசு ஆட்கள் அகற்ற முடிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விதி, இந்தப் பக்கம் ஒரு விதி. விஸ்கான்சின் விவசாயி எரிச்சலடைவதற்கு ஓநாயை வெறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கொல்லாமல் தடுக்கும் வழிகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கொடிக்கயிறு. மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி ஒரு கயிறு, அதில் முழ நீளத்துக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிப்பட்டைகள் தொங்கும். காற்றில் படபடக்கும். ஓநாய் வந்து நின்று பார்க்கும், தாண்டாது. கிழக்கு ஐரோப்பாவில் ஓநாயை மடக்கி வேட்டையாடக் கண்டுபிடித்த தந்திரம் இது. இப்போது காப்பதற்குப் பயன்படுகிறது. ஒரே சிக்கல், ஓநாய்க்கு அது பழகிவிடும். இரண்டு மாதம் போலத் தாங்கும். கன்று ஈனும் பருவத்துக்கு அது போதும். அதற்கு மேல் கழுதையோ, காவல் நாயோ, கண் சிமிட்டும் விளக்கோ வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆளும் பணமும் நேரமும்.

பொது வேட்டை இந்த விவசாயிக்கு உதவுகிறதா? இங்கேதான் இரண்டு விஷயங்கள் குழம்பிக்கிடக்கின்றன. கன்றைத் தின்ற கூட்டத்தை அங்கேயே அகற்றுவது ஒன்று. உரிமம் வாங்கியவர் தனக்கு வசதியான பொதுக் காட்டில், இதுவரை எந்த மாட்டையும் தொடாத ஓநாயைக் கொல்வது வேறொன்று. முதலாவது சிகிச்சை. இரண்டாவதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் மறைமுகமான வாதம்: சட்டப்படி சுட விட்டால் மக்களுக்கு ஓநாய் மேல் சகிப்பு வரும், கள்ளத்தனமாகச் சுடுவது குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2012 வேட்டைக்கு முன்னும் பின்னும் விஸ்கான்சினில் கருத்துக் கேட்ட ஆய்வில், ஓநாய் வாழும் பகுதியில் இருக்கும் ஆண்களிடையே சகிப்பு கூடவில்லை, குறைந்தே இருந்தது. அரசே கொல்லலாம் என்று சொல்லும் விலங்கின் மதிப்பு மக்கள் மனதில் இறங்கிவிடுகிறதோ என்னவோ.

மான் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஓநாய் எங்கள் மானையெல்லாம் தின்றுவிட்டது’ என்பது வடக்கு வேட்டை முகாம்களில் நவம்பர்தோறும் கேட்கும் புகார். ஒரு ஓநாய் வருஷத்துக்கு 15, 20 மான் தின்னும். ஆயிரம் ஓநாய்க்கு 20,000 என்று வைத்துக்கொள்வோம். மாநிலத்தில் இருக்கும் மான் 16 லட்சத்துக்கும் மேல். மனிதர்கள் சுடுவது வருஷத்துக்கு மூன்று லட்சம் அளவில். இந்தக் கணக்கில் ஓநாய் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் புகார் முழுப் பொய்யும் இல்லை. மான் பெரும்பாலும் தெற்கே, வயல்வெளியில். ஓநாய் வடக்கே, காட்டில். அங்கே கடும் குளிர்காலமும் முதிர்ந்துபோன காடும் ஏற்கெனவே மானைக் குறைத்திருக்க, ஓநாய் அதன் மேல் ஒரு சுமை. பரணில் ஒன்பது நாள் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பியவருக்கு மாநில சராசரி எந்த ஆறுதலும் தராது.

இதற்கு எதிர்த்தட்டில் 2021இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு. விஸ்கான்சினில் மானோடு மோதி நடக்கும் வாகன விபத்துகள் வருஷத்துக்குச் சுமார் 20,000. ஓநாய் வந்த கவுண்டிகளில் அவை 24 சதவீதம் குறைந்திருந்தன. ஓநாய் மானைத் தின்றதால் மட்டும் அல்ல. ஓநாய் சாலையோரமாக நடக்கும் பழக்கமுள்ளது, அதனால் மான் சாலையோரத்தைத் தவிர்த்தது. மிச்சமான செலவு, ஓநாய் கால்நடைகளுக்குச் செய்த சேதத்தைப் போல 63 மடங்கு. சரி, ஆனால் மிச்சம் பிடித்தவர் காப்பீடு கட்டும் கார்க்காரர். கன்றை இழந்தவர் வேறு ஆள். மொத்தக் கணக்கில் லாபம் என்பது அவர் தொழுவத்தில் எதையும் மாற்றாது.

எத்தனை இருக்கின்றன, யார் சொல்வது

வேட்டைக்குப் பிறகு எண்ணிக்கைச் சண்டை பெரிதானது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணக்கில் வந்த சாவுகளோடு வெளியே தெரியாத கள்ள வேட்டையையும் சேர்த்து மதிப்பிட்டு, ஒரு வருஷத்தில் ஓநாய்கள் 27 முதல் 33 சதவீதம் குறைந்தன என்றார்கள். துறையின் மாதிரிக் கணக்கில் 2020-21 குளிர்காலத்தில் 1,126. அடுத்த குளிர்காலத்தில் 972. ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கடுமையாக விமர்சித்தன. பனியில் தடம் எண்ணி, கழுத்துப் பட்டை போட்ட சில ஓநாய்களின் நடமாட்டத்தை வைத்து, மிச்சத்தைக் கணிதத்தால் நிரப்பும் வேலையில் இவ்வளவு இடைவெளி வருவது அதிசயம் இல்லை.

அந்த வருஷக் கடைசியில் நடந்தது பாதி நாடகம். நவம்பர் வேட்டைக்குத் துறையின் உயிரியலாளர்கள் 130 என்றார்கள். துறைக்குக் கொள்கை வகுக்கும் இயற்கை வள வாரியம் 300 என்றது. வாரியத் தலைவர் ஃபிரெட்ரிக் ப்ரென், தொழிலால் பல் மருத்துவர்; அவருடைய பதவிக்காலம் மே மாதமே முடிந்திருந்தது. மாற்று ஆளைச் செனட் உறுதிசெய்யும் வரை போக மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். 2022இல் மாநில உச்ச நீதிமன்றம், அவர் உட்காரலாம் என்றே சொல்லிவிட்டது. துறையோ வாரியத்தை மீறி 130 என்றே அறிவித்தது. அக்டோபரில் டேன் கவுண்டி நீதிபதி ஒருவர் வேட்டையையே நிறுத்திவைத்தார். 2022 பிப்ரவரி 10 அன்று கலிஃபோர்னியாவில் கூட்டாட்சி நீதிபதி ஜெஃப்ரி வைட், வடக்கு ராக்கி மலைப் பகுதி நீங்கலாக நாட்டின் பெரும்பகுதியில் ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்தார். ஹன்டர் நேஷனின் பயம் பலித்தது, ஒரு வருஷம் தள்ளி.

2023 அக்டோபரில் விஸ்கான்சின் புது மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் 350 இல்லை. எந்த ஒற்றை எண்ணும் இல்லை. நிலவரத்தைப் பார்த்து மாநிலத்தில் ஏறக்குறைய 800 முதல் 1,200 வரை இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு. கொன்றதைச் சொல்லும் அவகாசத்தை 24 மணியிலிருந்து 8 மணியாகக் குறைப்பது, உரிமத்தை மண்டலவாரியாகக் கொடுப்பது என்று பிப்ரவரியின் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போடும் யோசனைகளும் உண்டு. எண் வேண்டும் என்று குடியரசுக் கட்சி சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்ற, ஆளுநர் டோனி எவர்ஸ் 2024இல் அதைத் தடுத்தார். எண் கேட்பவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. எண் இருந்தால் அரசு சொன்னதைச் செய்ததா என்று எவரும் சரிபார்க்கலாம். எண் இல்லாவிட்டால் நிபுணரை நம்ப வேண்டும். பிப்ரவரி 2021க்குப் பிறகு அந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் கையிருப்பில் அதிகம் இல்லை.

2012இன் அந்த வாக்கியம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஓநாய் மறுபடி பட்டியலிலிருந்து வெளியே வரும் நாளில், வேட்டையை அனுமதிக்க ‘வேண்டும்’.

இதற்கிடையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கரடி வேட்டைக்கு நாய்களைப் பழக்குகிறவர்கள் அதே வடக்குக் காட்டில் நாய்களை அவிழ்த்து விடுகிறார்கள். ஓநாய்கள் குட்டிகளைத் திறந்தவெளியில் விட்டு வளர்க்கும் காலமும் அதுதான். குட்டிகள் இருக்கும் இடத்துக்குள் நாய் ஓடினால் ஓநாய் கடித்துக் கொல்லும். செத்த வேட்டை நாய்க்கு மாநிலம் 2,500 டாலர் வரை இழப்பீடு தருகிறது. எங்கே நாய் செத்ததோ அங்கே ஒரு வட்டம் போட்டு, எச்சரிக்கைப் பகுதி என்று துறை இணையத்தில் வரைபடம் வெளியிடுகிறது. சிலர் அதைப் பார்த்து வேறு பக்கம் போகிறார்கள். சிலர் அந்த வட்டத்துக்குள்ளேயே வண்டியை நிறுத்துகிறார்கள்.